தொண்டு நிறுவனங்களுக்கான ஆலோசனையும் ஆய்வுத் துணையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் இயங்கும் சிறிய, நடுத்தரத் தொண்டு நிறுவனங்களின் நிர்வாகிகள் எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். பெரும்பாலும் இவை வாடகை வீடு ஒன்றை அலுவலகமாகக் கொண்டு, பத்துப் பதினைந்து பணியாளர்களோடு இயங்கும் நிறுவனங்கள். பதில்களும் அவர்களை மனத்தில் வைத்தே எழுதப்பட்டுள்ளன.

எங்களுக்கு ஆடிட்டர் இருக்கிறார். அதற்கு மேல் ஆலோசகர் எதற்கு?

பல நிறுவனங்களுக்குத் தேவையே இல்லை. கணக்கு, வரித் தாக்கல், பதிவுப் புதுப்பித்தல் ஆகியவற்றை அனுபவமுள்ள பட்டயக் கணக்காளர் ஒருவரே பார்த்துக்கொள்ள முடியும். செலவு எங்கே போயிற்று என்பதற்கு அவர் பதில் சொல்வார். ஆனால் அந்தச் செலவால் ஊரில் என்ன மாறியது, மாறவில்லையென்றால் ஏன், அடுத்த மூன்றாண்டுகளில் எதைத் தொடர்வது, எதை விடுவது என்பவை கணக்கேட்டிலிருந்து பதில் வரக்கூடிய கேள்விகள் அல்ல. எங்கள் வேலை அந்த இடத்தில்தான் தொடங்குகிறது. திட்ட வடிவமைப்பு, திட்டத்துக்கு முந்தைய நிலையை அளக்கும் அடிப்படைக் கணக்கெடுப்பு, இடைக்கால மதிப்பீடு, இறுதி மதிப்பீடு, பதிவேடுகளைச் சீர்படுத்துதல், களப்பணியாளர் பயிற்சி ஆகியவை அதில் அடங்கும்.

கேள்வி நிறுவனத்தினுடையதாக இருக்க வேண்டும் என்பது எங்கள் முதல் நிபந்தனை. "ஏதாவது ஓர் ஆய்வு செய்து கொடுங்கள், நிதியாளர் கேட்கிறார்" என்று வருபவர்களிடம், அந்த ஆய்வின் முடிவை வைத்து நீங்கள் எதை மாற்றப்போகிறீர்கள் என்று கேட்போம். அதற்குப் பதில் இல்லையென்றால் பணத்தை மிச்சப்படுத்துங்கள் என்றே சொல்கிறோம்.

புதிதாகத் தொடங்குகிறோம். அறக்கட்டளையா, சங்கமா, பிரிவு 8 நிறுவனமா?

சங்கமாகப் பதிவு செய்ய 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி குறைந்தது ஏழு பேர் வேண்டும். பதிவு மாவட்டப் பதிவாளரிடம் நடக்கும். ஆண்டுதோறும் பொதுக்குழுவைக் கூட்ட வேண்டும், நிர்வாகக் குழு மாறினால் உரிய படிவத்தில் தெரிவிக்க வேண்டும். அறக்கட்டளையோ சார்பதிவாளர் அலுவலகத்தில் ஆவணம் பதிவானவுடன் உருவாகிவிடும். மகாராஷ்டிராவில் இருப்பதுபோல் பொது அறக்கட்டளைகளுக்கென்று ஒரு தனிச் சட்டமும் அறநிலை ஆணையர் அலுவலகமும் இங்கே இல்லை. அதனால் நடத்துவது எளிது. ஆனால் அறக்கட்டளை ஆவணத்தில் எழுதிய நோக்கங்களைப் பின்னர் மாற்றுவது மிகக் கடினம். 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் பிரிவு 8இன்கீழ் தொடங்கும் லாப நோக்கமற்ற நிறுவனத்திற்கு ஆவணப் பணி அதிகம். இருந்தாலும் பெரிய கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு (சிஎஸ்ஆர்) நிதியை முதன்மையாக நம்புபவர்களுக்கு அது பொருந்தும்.

குடும்பத்துக்குள் இருவரும் நண்பர் ஒருவரும் சேர்ந்து அறக்கட்டளை தொடங்கினால் முடிவெடுப்பது விரைவாக நடக்கும். பத்தாண்டுகளுக்குப் பிறகு அதே காரணத்தால்தான் நிறுவனம் முடங்கும் என்பதைப் பலமுறை பார்த்திருக்கிறோம். எந்த வடிவத்தைத் தேர்ந்தாலும், பொறுப்பிலிருந்து ஒருவர் எப்படி விலகுவார், அவர் இடத்திற்கு யார் எப்படி வருவார் என்பதை ஆவணத்திலேயே எழுதிவிடுங்கள்.

12ஏ, 80ஜி பதிவு ஒருமுறை வாங்கினால் போதுமா?

போதாது. வருமான வரிச் சட்டத்தின் 12ஏ பதிவு நிறுவனத்தின் வருமானத்திற்கு வரிவிலக்குத் தருவது, 80ஜி பதிவு நன்கொடையாளருக்கு வரிச்சலுகை தருவது. 2021 ஏப்ரல் முதல் நிலையான பதிவு என்ற ஒன்று கிடையாது. புதிய நிறுவனத்திற்கு மூன்றாண்டுத் தற்காலிகப் பதிவும் அதன்பின் ஐந்தாண்டுப் பதிவும் கிடைக்கும். 2025ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் சிறிய நிறுவனங்களுக்கான வரிவிலக்குப் பதிவின் காலத்தைப் பத்தாண்டாக நீட்டியது. 80ஜி சலுகை தரும் நிறுவனம், ஆண்டு முழுவதும் பெற்ற நன்கொடைகளின் விவரத்தைப் படிவம் 10பிடியில் மே 31க்குள் தாக்கல் செய்து, நன்கொடையாளருக்குப் படிவம் 10பிஇ சான்றிதழ் தர வேண்டும். லெட்டர்பேடில் ரசீது எழுதிக் கொடுத்தால் அவருக்கு வரிச்சலுகை கிடைத்துவிடும் என்ற காலம் போய்விட்டது. 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறுகின்றன. 2026 ஏப்ரல் 1க்குப் பிறகான தாக்கல்களுக்கு உங்கள் ஆடிட்டரிடம் புதிய எண்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். பேச்சில் என்னவோ இவை நெடுநாளைக்கு 12ஏ, 80ஜி என்றேதான் இருக்கும்.

வெளிநாட்டு நிதி பெறும் பெரிய நிறுவனம் ஒன்றிடமிருந்து எங்களுக்கு ஒரு பங்கு கிடைக்க வழி உண்டா?

வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தில் (எஃப்சிஆர்ஏ) 2020ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தத்திற்குப் பிறகு இல்லை. ஒரு நிறுவனம் பெற்ற வெளிநாட்டு நிதியை இன்னொரு நிறுவனத்திற்கு, அதற்கும் எஃப்சிஆர்ஏ பதிவு இருந்தாலும்கூட, கைமாற்றக் கூடாது. 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இந்தத் திருத்தங்களை உறுதிசெய்தது. அதற்கு முன்பு மாவட்டத் தலைநகரில் இருந்த பெரிய நிறுவனம் நிதியைப் பெற்று, ஒன்றிய அளவில் இயங்கும் ஏழெட்டுச் சிறு நிறுவனங்களுக்குப் பகிர்ந்தளிப்பது வழக்கமாக இருந்தது. அந்த ஏற்பாடு நின்றதும் முதலில் மூடப்பட்டவை அந்தச் சிறு அலுவலகங்கள்தான். ஊர்ப் பெயர்களை வீடுவீடாக அறிந்திருந்த களப்பணியாளர்களும் அவற்றோடு போனார்கள்.

தடையைத் தாண்டுவதற்காக, அதே பணத்தைக் கருத்தரங்குச் செலவு என்றோ ஆலோசனைக் கட்டணம் என்றோ பெயர் மாற்றித் தரலாமா என்று சிலர் கேட்கிறார்கள். உண்மையில் ஒரு சேவையைப் பெற்று அதற்குச் சந்தை விலையில் பணம் கொடுப்பது வேறு, மானியத்தைச் சேவை என்று எழுதுவது வேறு. இரண்டாவதில் நாங்கள் பங்கேற்பதில்லை.

சொந்தமாகப் பதிவு பெற விரும்பினால், நிறுவனம் தொடங்கிக் குறைந்தது மூன்றாண்டுகள் ஆகியிருக்க வேண்டும். அந்த மூன்றாண்டுகளில் நிறுவன நோக்கங்களுக்காகக் குறைந்தது 15 லட்சம் ரூபாய் செலவிட்டிருக்க வேண்டும். பதிவு கிடைத்தபின் நிதி முதலில் புது டெல்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் வந்து சேரும். ஆண்டறிக்கையான எஃப்சி-4 படிவத்தை டிசம்பர் 31க்குள் தாக்கல் செய்ய வேண்டும்.

உங்கள் கட்டணத்தை எந்தத் தலைப்பில் எழுதுவது?

இதை ஒப்பந்தத்திற்கு முன்பே கேட்பவர்கள் குறைவு, பின்னால் வருந்துபவர்கள் நிறைய. வெளிநாட்டு நிதியில் நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பு 2020இல் 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. சட்ட, தொழில்முறைக் கட்டணங்களும் அறிக்கை எழுதித் தாக்கல் செய்யும் செலவும் விதிகளின்படி நிர்வாகச் செலவில் சேரும். முதன்மையாக ஆய்விலோ பயிற்சியிலோ ஈடுபடும் நிறுவனங்களுக்கு மட்டும், களத் தரவு திரட்டிப் பகுப்பாயும் பணியாளர்களின் ஊதியத்திற்கு விலக்கு உண்டு. ஆகவே ஏற்கெனவே 18 சதவீதத்தை எட்டிவிட்ட நிறுவனம் அந்த நிதியிலிருந்து மதிப்பீட்டு ஆலோசகருக்குப் பெரிய தொகை தருவது சிக்கலில் கொண்டுவிடும்.

ஆலோசகர் ஜிஎஸ்டி பதிவு பெற்றவராக இருந்தால் கட்டணத்தோடு 18 சதவீதம் சேரும். உள்ளீட்டு வரியாக அதைத் திரும்பப் பெறும் வாய்ப்பு பெரும்பாலான தொண்டு நிறுவனங்களுக்கு இல்லை என்பதால், ஒரு லட்சம் ரூபாய் என்று பேசிய வேலை 1,18,000 ரூபாய்ச் செலவாகிவிடும். தொழில்முறைக் கட்டணம் ஆண்டுக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீத வரியைப் பிடித்தம் செய்துதான் கொடுக்க வேண்டும். எங்களுக்கும் அப்படித்தான்.

திட்ட முன்மொழிவு எழுதித் தருவீர்களா? நிதி கிடைத்தால் சதவீதம் தருகிறோம்.

சதவீதத்துக்கு எழுதுவதில்லை. கிடைக்கும் தொகையைப் பொறுத்து ஊதியம் என்றால், எழுதுபவருக்குத் தொகையைப் பெருக்குவதில்தான் அக்கறை இருக்கும். நிறைவேற்ற முடியாத இலக்குகள் முன்மொழிவுக்குள் நுழைவது அப்படித்தான். உங்கள் பணியாளர்கள் எழுதிய வரைவைப் படித்துத் திருத்தித் தருவோம். அந்த ஊரின் பெயரை நீக்கிவிட்டு வேறு எந்த ஊரின் பெயரைப் போட்டாலும் பொருந்தும் முன்மொழிவை நிதியாளர்கள் முதல் பக்கத்திலேயே அடையாளம் கண்டுகொள்கிறார்கள்.

சிஎஸ்ஆர் நிதி தரும் கம்பெனி "தாக்க மதிப்பீடு" கேட்கிறது. அதை நாங்கள் செய்து கொடுக்க வேண்டுமா?

திட்டத்தால் என்ன மாறியது என்பதை அளக்கும் அந்தக் கடமை சட்டப்படி கம்பெனிக்கு உரியது. முந்தைய மூன்று நிதியாண்டுகளில் சராசரியாகப் பத்துக் கோடி ரூபாய் அல்லது அதற்கு மேல் சமூகப் பொறுப்பு நிதிக் கடப்பாடு கொண்ட கம்பெனிகள், ஒரு கோடி ரூபாய் அல்லது அதற்கு மேல் ஒதுக்கீடு கொண்டு, முடிந்து ஓராண்டேனும் ஆன திட்டங்களைச் சுயேச்சையான அமைப்பு ஒன்றைக் கொண்டு மதிப்பிட வேண்டும். உங்கள் திட்டம் எட்டு லட்சம் ரூபாய்த் திட்டமென்றால் இந்த விதி அதைத் தொடாது. கம்பெனி தன் விருப்பத்தால் கேட்கலாம், அதற்கான செலவை யார் ஏற்பது என்பதைப் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

நிதியைப் பெறுவதற்கே கம்பெனி விவகார அமைச்சகத்திடம் சிஎஸ்ஆர்-1 படிவப் பதிவும், 12ஏ, 80ஜி பதிவுகளும், மூன்றாண்டு முன்னனுபவமும் வேண்டும் என்பதை மறந்துவிட வேண்டாம்.

எங்கள் மாலை நேரப் படிப்பு மையங்களால் பள்ளி வருகை கூடியிருக்கிறது. அதை ஆய்வில் நிரூபித்துத் தர முடியுமா?

நிரூபித்துத் தருகிறோம் என்று தொடக்கத்திலேயே உறுதிகூறுபவரை ஆய்வாளர் என்று சொல்வது சரியல்ல. வருகை கூடியிருப்பது உண்மையாக இருக்கலாம், அது உங்களால்தான் கூடியதா என்பது வேறு கேள்வி. தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி கடந்த சில ஆண்டுகளில் மிகவும் கடினமாகிவிட்டது. தன்னார்வலர்கள் மாலையில் கற்பிக்கும் அரசுத் திட்டமான இல்லம் தேடிக் கல்வி 2021இல் தொடங்கியது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. உங்கள் மையம் 2022 ஜூனில் தொடங்கியதென்றால், அந்தக் குழந்தைகள் காலையில் பள்ளிக்கு வருவது உங்கள் பாடத்துக்காகவா பொங்கலுக்காகவா என்று எப்படிப் பிரித்தறிவது?

வருமானம் பற்றிய ஆய்வுகளிலும் இதே சிக்கல் உண்டு. 2021 மே முதல் நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் கிடைக்கிறது. 2023 செப்டம்பர் முதல் மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகை தகுதியுள்ள பெண்களின் வங்கிக் கணக்கில் வந்து சேர்கிறது. உங்கள் சுயஉதவிக் குழு உறுப்பினர்களின் சேமிப்பு 2022க்கும் 2024க்கும் இடையில் உயர்ந்திருந்தால், இவற்றைக் கணக்கில் எடுக்காத அறிக்கையை விவரமறிந்த எவரும் நம்பமாட்டார்.

வழி இல்லாமல் இல்லை. முதலாவது, திட்டம் தொடங்கும் முன்பே அடிப்படைக் கணக்கெடுப்பை நடத்துவது. இரண்டாவது, உங்கள் மையம் இல்லாத, ஆனால் அதே ஒன்றியத்தைச் சேர்ந்த, அரசுத் திட்டங்கள் ஒரே மாதிரி எட்டியிருக்கும் ஊர்களையும் சேர்த்து அளப்பது. அந்த ஊர்களிலும் வருகை அதே அளவு கூடியிருந்தால், கூடுதல் வருகைக்கு நீங்கள் உரிமை கொண்டாட முடியாது. ஆனால் வாசிப்புத் திறனில் உங்கள் ஊர்க் குழந்தைகள் முன்னே நின்றால், அதைத் துணிந்து சொல்லலாம். அடிப்படைக் கணக்கெடுப்பு இல்லாமலே மூன்றாண்டுகள் கழிந்திருந்தால், பள்ளிகளின் பழைய வருகைப் பதிவேடு ஓரளவுக்குக் கைகொடுக்கும். "முன்பு எப்படி இருந்தது" என்று இப்போது பெற்றோரிடம் கேட்டு எழுதுவது கைகொடுக்காது. நீங்கள் கேட்க விரும்பும் பதிலை அவர்கள் மரியாதைக்காகவே சொல்லிவிடுவார்கள்.

எத்தனை பேரிடம் கேட்டால் போதும்?

95 சதவீத நம்பிக்கை அளவும் 5 சதவீதப் பிழை வரம்பும் (நூறு முறை மாதிரி எடுத்தால் ஏறத்தாழ 95 முறை விடை உண்மையான விழுக்காட்டிலிருந்து ஐந்து புள்ளிக்குள் இருக்கும்) என்ற வழக்கமான கணக்கில், மிகப் பெரிய மக்கள்தொகைக்கு ஏறத்தாழ 384 பேர். மொத்தப் பயனாளிகள் 1,000 பேர் என்றால் 278, 500 பேர் என்றால் 217. பத்து சதவீதம் எடுத்தால் போதும் என்று பரவலாகச் சொல்லப்படுவதற்கு அடிப்படை இல்லை. 500 பேரில் 50 பேரைக் கேட்டு வரும் விழுக்காடு பெரிதாகத் தடுமாறும்.

இந்த எண்கள் ஒவ்வொருவரையும் பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் எடுக்கும்போது மட்டுமே பொருந்தும். நடைமுறையில் முதலில் பத்து ஊர்களைத் தேர்ந்து, அந்த ஊர்களுக்குள் வீடுகளை எடுக்கிறோம். ஒரே தெருவில் வாழ்பவர்கள் ஒரே தண்ணீர்த் தொட்டியையும் ஒரே பள்ளியையும் பயன்படுத்துவதால் அவர்கள் பதில்களும் ஒத்திருக்கும், அதனால் மாதிரியைக் கூட்ட வேண்டியிருக்கும். எந்த வீடு என்பதை ஊர்த்தலைவரோ களப்பணியாளரோ கைகாட்டக் கூடாது. கைகாட்டினால் தார்ச்சாலையை ஒட்டிய வீடுகள்தான் வரும், காலனியும் கடைசித் தெருவும் விட்டுப்போகும்.

வினாநிரலை நிதியாளர் ஆங்கிலத்தில் அனுப்பியிருக்கிறார். மொழிபெயர்த்தால் போதாதா?

ஆய்வுகள் கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். "நீங்கள் வேலைக்குப் போகிறீர்களா?" என்று கேட்டால், நான்கு ஆடுகளையும் ஒரு கறவை மாட்டையும் பராமரித்து, நூறுநாள் வேலைக்கும் போய்வரும் பெண் "சும்மாதான் இருக்கேன்" என்பார். அது தாளில் "வேலை இல்லை" என்று பதிவாகும். அப்படி முன்னூறு பதிவுகள் சேர்ந்தால், அந்த ஒன்றியத்துப் பெண்களில் பாதிப் பேருக்கு வேலை இல்லை என்று அறிக்கை சொல்லும். நேற்று காலை எழுந்ததிலிருந்து என்னென்ன செய்தீர்கள் என்று கேட்டு எழுதினால் வேறு படம் கிடைக்கும்.

"மாத வருமானம் எவ்வளவு?" என்பதும் அப்படித்தான். கூலிக்குப் போகும் குடும்பத்தில் மாத வருமானம் என்று ஒன்று இல்லை. போன வாரம் எத்தனை நாள் கூலி கிடைத்தது, ஒரு நாளைக்கு எவ்வளவு, அறுவடைக் காலத்தில் எவ்வளவு, ஆடியில் எவ்வளவு என்று பிரித்துக் கேட்க வேண்டும். காலத்தைத் திருவிழாவோடும் விதைப்போடும் சேர்த்துக் கேட்டால் நினைவு வருகிறது. "கடந்த காலாண்டில்" என்று கேட்டால் வருவதில்லை. எங்கள் தொடக்ககால ஆய்வு ஒன்றில் "கடன்" என்ற சொல்லை மட்டுமே பயன்படுத்தினோம். குழுக் கடனையும் வங்கிக் கடனையும் சொன்னவர்கள் நகை அடகையும் கைமாற்றையும் சொல்லவில்லை. அவர்கள் மறைக்கவில்லை, நாங்கள்தான் கேட்கவில்லை. முந்நூற்றுச் சொச்சம் வீடுகளுக்குத் திரும்பப் போனோம்.

ஆகவே முதலில் இருபது வீடுகளில் சோதித்துத் திருத்திய பிறகே கேள்விகளை இறுதி செய்கிறோம். தரவைக் கைப்பேசியில் பதிவுசெய்ய ஓடிகே, கோபோ டூல்பாக்ஸ் போன்ற செயலிகள் போதும். இணையம் இல்லாத ஊரிலும் அவை வேலை செய்யும், தமிழிலும் கேள்விகளை அமைக்கலாம்.

எங்கள் களப்பணியாளர்களே கணக்கெடுக்கலாமா?

தேவைகளை அறியும் கணக்கெடுப்பை அவர்களே நடத்தலாம், நடத்துவதே நல்லது. மதிப்பீட்டை அவர்கள் நடத்தக் கூடாது. கடன் வழங்க ஏற்பாடு செய்தவரே வந்து "கடனால் பயன் உண்டா" என்று கேட்டால் யார் இல்லை என்று சொல்வார்? பக்கத்து ஒன்றியத்துப் பணியாளர்களை மாற்றி அனுப்பலாம், அல்லது அருகிலுள்ள கல்லூரியின் சமூகப்பணித் துறை மாணவர்களைப் பயிற்சியளித்து ஈடுபடுத்தலாம். காந்திகிராம கிராமியப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் களப்பணி பாடத்திட்டத்தின் பகுதியாகவே இருக்கிறது. மாணவர்களுக்குப் பயணப்படியும் உணவும் தருவதை மட்டும் "அனுபவம் கிடைக்கிறதே" என்று சொல்லித் தவிர்க்காதீர்கள்.

ஆய்வே இல்லாமல், இருக்கும் தரவை வைத்துச் சமாளிக்க முடியுமா?

பல நேரங்களில் முடியும். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று 2019-21க்கான மாவட்ட அளவிலான எண்களைத் தருகிறது. ஊர் அளவில் வேண்டுமென்றால் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குத்தான் போக வேண்டும். அதன் வயதை அறிக்கையில் வெளிப்படையாகக் குறிப்பிடுங்கள். அரசு அலுவலகப் பதிவுகளுக்கு 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது.

எல்லாவற்றையும்விட உங்கள் அலமாரியிலேயே கிடப்பவை அதிகம். குழுக்களின் தீர்மானப் புத்தகங்கள், மையங்களின் வருகைப் பதிவேடு, களப்பணியாளரின் நாட்குறிப்பு ஆகியவற்றை வரிசைப்படுத்தி உள்ளிட்டாலே பாதி ஆய்வு முடிந்துவிடும். ஓர் ஊருக்கு மூன்று விதமான எழுத்துக்கூட்டலும், ஒரே பயனாளிக்கு இரண்டு பெயரும் இல்லாதபடி பார்த்துக்கொண்டால் எங்கள் கட்டணமும் குறையும்.

பயனாளிகளின் பெயரும் படமும் அறிக்கையில் வரலாமா?

ஒப்புதல் இல்லாமல் வரக் கூடாது. 2023ஆம் ஆண்டின் எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டவர்களின் தரவைக் கையாளப் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் ஒப்புதலைக் கட்டாயமாக்குகிறது. உடல்நலம் சார்ந்த ஆய்வென்றால் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். விடுபட்ட கொத்தடிமைத் தொழிலாளர்கள், வன்முறைக்கு உள்ளான பெண்கள் ஆகியோரைப் பற்றிய ஆய்வில் பெயரை மாற்றினால் மட்டும் போதாது. ஊர், தொழில், குழந்தைகளின் எண்ணிக்கை ஆகிய மூன்றையும் சேர்த்து எழுதினாலே உள்ளூரில் யாரென்று தெரிந்துவிடும்.

முடிவு எங்களுக்குப் பாதகமாக வந்தால்?

அறிக்கையும் தரவும் உங்களுடையவை. வெளியிடுவதா வேண்டாமா என்பதை உங்கள் நிர்வாகக் குழு முடிவு செய்யும். ஆனால் எண்களை மாற்றித் தரச் சொன்னால் எங்கள் பெயரை எடுத்துவிடச் சொல்வோம். இதை ஒப்பந்தத்திலேயே எழுதுகிறோம். வரைவைப் படித்து, பிழை என்று நீங்கள் கருதுவதற்கு எழுத்தில் மறுப்பு தரலாம். ஏற்காத மறுப்பையும் பின்னிணைப்பாகச் சேர்ப்போம். பாதகமான முடிவை நிதியாளரிடம் தாமாகவே எடுத்துச் சென்ற நிறுவனங்களுக்கு நிதி நின்றதாக எங்கள் அனுபவத்தில் பார்த்ததில்லை. மறைத்து, அது பின்னர் தெரியவந்தபோது நின்றதைப் பார்த்திருக்கிறோம்.

ஆய்வில் பேசிய மக்களிடமும் முடிவைச் சொல்ல வேண்டும் என்பதை நாங்கள் வலியுறுத்துகிறோம். கிராம சபையிலோ குழுக் கூட்டத்திலோ அரைமணி நேரம் தமிழில் சொன்னால் போதும். அந்த ஒரு நாளுக்கான பயணச் செலவைத் திட்டச் செலவில் தொடக்கத்திலேயே சேர்த்துவிடுங்கள், பின்னால் யாரும் சேர்ப்பதில்லை.

முதல் சந்திப்புக்கு என்ன கொண்டுவர வேண்டும்?

பதிவு ஆவணத்தின் நகல், கடந்த மூன்றாண்டுகளின் தணிக்கை அறிக்கை, நடப்புத் திட்டத்தின் ஒப்பந்தம், கடைசி இரண்டு நிர்வாகக் குழுக் கூட்டங்களின் தீர்மானங்கள். முடிந்தால் களத்தில் நெடுநாள் வேலைசெய்த ஒருவரையும் அழைத்து வாருங்கள், செயலாளர் மட்டும் வருவதைவிட அது பயனுள்ளது. முதல் சந்திப்புக்குக் கட்டணம் இல்லை.